யாருக்காக ஓடுகிறோம்?

'இவன் முயற்சி செய்யவில்லை' என்பது நாம் மிக எளிதாக வழங்கிவிடும் தீர்ப்புகளுள் ஒன்று. தேர்வில் தவறிய மாணவனைப் பற்றியும், தொழிலில் நொடித்துப்போன வணிகனைப் பற்றியும், வேலை தேடி அலுத்துத் திண்ணையில் அமர்ந்துவிட்ட இளைஞனைப் பற்றியும் இத்தீர்ப்பை ஒரு நொடியில் எழுதி முடித்துவிடுகிறோம். மறுபுறம், தோற்றவரைத் தேற்றும்போது 'முயன்றதே போதும்' என்று ஆறுதலும் சொல்கிறோம். இவ்விரு கூற்றுகளுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. திறமை பிறவியோடு வருவது, முயற்சியோ முழுக்க நம் கையில் உள்ளது. ஆகவே மனிதரை நிறுத்துப் பார்க்க முயற்சியே நேர்மையான எடைக்கல் என்பதே அந்நம்பிக்கை. இது உண்மைதானா? முயற்சி என்பது தன்னளவிலேயே ஓர் அறமா?

இக்கேள்வியை ஆராய்வதற்கு விளையாட்டுத் திடலைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. அங்கே முயற்சி கண்ணுக்குத் தெரிகிறது. அதன் விளைவும் பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடுகிறது. விளையாட்டைப் பற்றி இறையியல் பேசுவதா என்று வியக்க வேண்டியதில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில், விளையாட்டைச் சார்ந்த நற்பண்பு ஒன்று உண்டா என்னும் கேள்வியைத் தனியே எழுப்பி, உண்டு என்றே விடை தருகிறார்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது நம் நாட்டில் பலரும் பார்த்திராத லாக்ராஸ் என்னும் ஆட்டம். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, 2028ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகளில் கிரிக்கெட்டைச் சேர்த்த செய்தியை நம்மில் பலர் மகிழ்ச்சியோடு படித்திருப்போம். அன்று கிரிக்கெட்டோடு சேர்க்கப்பட்ட ஆட்டங்களுள் லாக்ராஸும் ஒன்று. 1904இலும் 1908இலும் ஒலிம்பிக்கில் பதக்கத்திற்காக ஆடப்பட்ட அது, நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அங்கே திரும்புகிறது.

ஆட்டமும் அதன் விதியும்

ஆடவர் லாக்ராஸில் ஓர் அணிக்குப் 10 பேர் களத்தில் நிற்பர். கோல் காவலர் ஒருவர், தடுப்போர் மூவர், நடுக்களத்தார் மூவர், தாக்குவோர் மூவர் என்பது அவர்தம் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் முனையில் வலைப்பை கட்டிய மட்டை ஒன்று இருக்கும். ஏறத்தாழ 145 கிராம் எடையுள்ள ரப்பர் பந்தை அந்த வலைப்பையில் ஏந்தி ஓடவும், தோழருக்கு எறியவும், இறுதியில் 6 அடி உயரமும் 6 அடி அகலமும் கொண்ட கோலுக்குள் செலுத்தவும் வேண்டும். பந்து வேகமாகப் பறப்பது, மோதல் மிகுந்தது, ஓட்டம் ஓயாதது.

இந்த ஆட்டத்தின் பயிற்சியாளர்கள் இரண்டு தருணங்களை மிகவும் கூர்ந்து கவனிப்பர். முதலாவது, பந்து மட்டையிலிருந்து தவறித் தரையில் உருளும் தருணம். அப்போது அது எவருக்கும் உரியதன்று. குனிந்து, அடிபடத் துணிந்து, முதலில் அள்ளுபவருக்கே அது உரியது. அழகிய வீச்சுக்குக் கைதட்டுவோர் பலர். தரையில் கிடக்கும் பந்துக்காகக் குனிபவரைப் பாராட்டுவோர் சிலரே. ஆயினும், பல ஆட்டங்களின் முடிவு இத்தகைய பந்துகளில்தான் அடங்கியிருக்கிறது என்பதைப் பயிற்சியாளர் அறிவார்.

இரண்டாவது தருணம் இன்னும் விந்தையானது. கோலை நோக்கி அடித்த பந்து குறி தவறிக் களத்தின் எல்லைக்கு வெளியே போனால், மற்றப் பல ஆட்டங்களில் அது எதிரணிக்குப் போய்விடும். முழுத் திடலில் ஆடும் லாக்ராஸில் அவ்வாறில்லை. பந்து எல்லையைக் கடக்கும் நொடியில் அதற்கு மிக அருகில் நிற்பவர் எந்த அணியினரோ, அந்த அணிக்கே பந்து தரப்படும். ஆகவே, ஒருவர் அடித்தது வீணானாலும், அவருடைய தோழர் எல்லைக்கோட்டை நோக்கி ஓடியிருந்தால் பந்து கை நழுவுவதில்லை. ஒருவரின் தவற்றை இன்னொருவரின் ஓட்டம் மீட்டுவிடுகிறது!

முயற்சி யாருடைய சொத்து?

இத்தகைய ஆட்டத்தைக் கற்றுத்தரும் பயிற்சியாளர், 'திறமையை நான் உங்களிடம் கேட்கவில்லை; முயற்சியைத்தான் கேட்கிறேன்' என்று எண்ணுவது இயல்பே. உயரத்தையும் வேகத்தையும் கேட்டுப் பெற முடியாது. பந்தை நோக்கி ஓடு என்று மட்டும் எவரிடமும் கேட்கலாம். மாற்று ஆட்டக்காரர் வரிசையின் கடைசியில் அமர்ந்திருப்பவரும் இதில் முதல்வராக முடியும் என்பதால், இக்கோரிக்கை நேர்மையானதாகத் தோன்றுகிறது.

ஆனால், இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ், நீதியைப் பற்றி 1971இல் வெளியிட்ட தம் பெருநூலில் ஒரு சங்கடமான உண்மையை எடுத்துரைத்தார். திறமை மட்டுமன்றி, முயன்று பார்க்கும் மனப்பாங்கும்கூட ஒருவர் பிறந்த குடும்பத்தாலும் வளர்ந்த சூழலாலும் பெரிதும் உருவாக்கப்படுகிறது என்பதே அது. விழுந்தால் தூக்கிவிட ஆளுண்டு என்று கண்டு வளர்ந்த பிள்ளை துணிந்து ஓடுகிறது. விழுந்தபோதெல்லாம் ஏளனத்தையே கேட்டு வளர்ந்த பிள்ளை ஓடுவதற்குமுன் தயங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த கால்களும், இரவெல்லாம் உறங்கி எழுந்த கால்களும் ஒரே தொலைவை ஓடினால், அவை காட்டிய முயற்சி ஒன்றாகுமா?

நம் வள்ளுவர் 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். 'ஆள்வினையுடைமை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். மனிதனுக்கு மிஞ்சிய ஒன்றுண்டு என்பதையும், மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு என்பதையும் ஒரே நூலில் அவர் வைத்திருக்கிறார். இவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்பவர், ஒன்று முயற்சியைக் கைவிடுவார். இல்லையேல் முயல முடியாதவரைக் கைவிடுவார். நல்ல பயிற்சியாளர் இரண்டையும் நெஞ்சில் வைத்திருப்பார். எல்லாரிடமும் முயற்சியைக் கேட்பார். ஆனால், ஒருவர் ஓடாதபோது 'சோம்பேறி' என்னும் சொல்லை எடுக்குமுன், 'ஏன் ஓடவில்லை?' என்னும் கேள்வியை எடுப்பார்.

கடினமும் நன்மையும்

சரி, ஒருவர் தம்மால் இயன்றதையெல்லாம் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதனாலேயே அவர் செய்தது நல்லதாகிவிடுமா?

ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய அறநெறி நூலில், உள்ளத்தின் விருப்பம் துணை நிற்காதபோதும் கடமைக்காகவே செய்யப்படும் செயலில்தான் அறத்தின் மதிப்புத் தெளிவாக வெளிப்படுகிறது என்று வாதிட்டார். இதைக் கேட்டுப் பழகிய உலகம், எது கடினமோ அதுவே உயர்ந்தது என்று எண்ணத் தொடங்கியது. பல்லைக் கடித்துச் செய்வதே பெருமை. சிரித்துச் செய்வது அற்பம் என்றாயிற்று.

புனித தாமஸின் வழி வேறு. நற்பண்பின் இயல்பு கடினத்தைவிட நன்மையையே சார்ந்தது என்பது அவர் கருத்து. கடினமானது என்பதற்காக ஒரு செயல் கூடுதல் மதிப்புப் பெறுவதில்லை. கடினமாக இருப்பதோடு மேலான நன்மையாகவும் இருந்தால்தான் பெறும். பழகிப் பழகி நற்செயல் எளிதாகிவிட்டவரே நற்பண்பில் முதிர்ந்தவர்.

லாக்ராஸ் திடலில் இவ்வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். ஒருவர் பந்தை ஏந்தி, எதிரணியினர் மூவரை முட்டி மோதிக்கொண்டு முன்னேறுகிறார். தோளில் அடி, முழங்காலில் சிராய்ப்பு, வியர்வை ஆறாய் ஓடுகிறது. பார்ப்போர் ஆரவாரிக்கிறார்கள். ஆனால், இடப்புறம் அவருடைய தோழர் தடுப்பாரின்றிக் காத்து நிற்கிறார். மணிக்கட்டை ஒருமுறை அசைத்திருந்தால் பந்து அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். கடினமானதைச் செய்தவர் நல்லதைச் செய்யாமல் விட்டார். அவருடைய முயற்சி பெரிதுதான். அது அவரையே சுற்றிச் சுழன்றது என்பதுதான் குறை.

ஆகவே, 'எவ்வளவு முயன்றாய்?' என்று மட்டும் கேட்கும் பயிற்சியாளர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார். 'யாருக்காக முயன்றாய்?' என்பதே மீதிப் பாதி.

இடம் விட்டு ஓடுதல்

அந்த மீதிப் பாதிக்கு விடை கூறும் அசைவு ஒன்று இந்த ஆட்டத்தில் உண்டு. தடுப்பவர் ஒவ்வொருவருக்கும் காக்க வேண்டிய எதிராளி ஒருவர் இருப்பார். அவர்களுள் ஒருவரை எதிராளி ஏமாற்றிக் கடந்து, கோலை நோக்கிப் பாய்ந்துவிட்டதாகக் கொள்வோம். அப்போது பக்கத்தில் நிற்கும் தடுப்பவர் தம் எதிராளியை விட்டுவிட்டு, பாய்ந்து வருபவரை மறிக்க ஓட வேண்டும். இதனை 'ஸ்லைடு' என்பர்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். தவறு தோழருடையது, ஓடுபவர் இவர். ஓடும்போது தம் பொறுப்பில் உள்ள எதிராளியைத் தனியே விட்டுச் செல்கிறார். அவர் விட்ட இடத்தை நிரப்ப மூன்றாமவர் வர வேண்டும். வருவாரா என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. வருவார் என்று நம்பித்தான் ஓட வேண்டும். தயங்கி நின்றால் எதிரணிக்குக் கோல் கிடைத்துவிடும். 'என் ஆளை நான் சரியாகத்தான் காத்தேன்' என்று அவர் பின்னர் சொல்லலாம், சொன்னது உண்மையாகவும் இருக்கும், அணி தோற்றிருக்கும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்போம். வடத்தில் பல கைகள் சேர்ந்தால் வலிமை பெருகும் என்பது அதன் ஒரு பொருள். அதனினும் ஆழமான பொருளும் உண்டு. வடத்தில் ஒரு கை தளரும்போது, அருகிலுள்ள கை அந்தப் பாரத்தையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது. கூட்டுழைப்பு என்பது பலருடைய முயற்சிகளின் கூட்டல் கணக்கு மட்டுமாயின், பலவீனர் அணிக்குச் சுமையே. பிறர் தவற்றைச் சுமக்கும் ஆயத்தமே கூட்டுழைப்பு என்றால், பலவீனருக்கும் அங்கே இடமுண்டு. ஏனெனில், நாளை தவறப்போவது நாமாகவும் இருக்கலாம்.

கணக்கில் வராத உழைப்பு

லாக்ராஸில் புள்ளிவிவரக் குறிப்பு எழுதுவோர் கோல் அடித்தவரையும், அதற்குப் பந்து கொடுத்தவரையும், காவலர் தடுத்த பந்துகளையும், தரையிலிருந்து அள்ளிய பந்துகளையும் எண்ணி எழுதுகிறார்கள். தோழருக்காக இடம் விட்டு ஓடியவரின் பெயர் அக்குறிப்பில் வருவது அரிது. அவர் சரியாக ஓடியதால் கோல் விழவில்லை. நடக்காத ஒன்றை எப்படி எழுதுவது?

இங்கே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'பலன் கருதாமல் மறைவில் உழைப்பதே மேன்மை' என்று பேசுவது எளிது. அவ்வாறு பேசுவோர் பெரும்பாலும் அந்த உழைப்பின் பலனை உண்பவர்களாகவே இருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் தாயின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. விழா முடிந்த இரவில் எச்சில் இலை அள்ளுபவரின் பெயர் எந்த நன்றியுரையிலும் இடம்பெறுவதில்லை. அவர்களிடம் போய் 'மறைவான உழைப்பே சிறந்தது' என்று போதிப்பது அறமாகாது. அநீதிக்குப் போர்த்திய பட்டாடையாகும்.

எனவே, கடமை இருபக்கமும் உண்டு. ஓடுபவர் பாராட்டுக்காக ஓடாதிருக்கலாம். ஆனால், பார்க்க வேண்டியவர் பார்க்காதிருக்கக் கூடாது. ஆட்டத்தின் ஒளிப்பதிவை மறுநாள் அணியினரோடு அமர்ந்து பார்க்கும் பயிற்சியாளர், கோல் விழுந்த காட்சியோடு நின்றுவிட்டால் அவர் பணி முடியவில்லை. 'இதோ, இந்த நொடியைப் பாருங்கள். இவர் தம் இடத்தை விட்டு ஓடாதிருந்தால் நாம் தோற்றிருப்போம்' என்று அனைவர் முன்னும் பெயர் சொல்லிக் காட்டும்போதுதான் அவர் நீதி செய்கிறார். குடும்பத் தலைவருக்கும், ஆசிரியருக்கும், நிறுவனத்தை நடத்துவோருக்கும், பங்கை வழிநடத்துவோருக்கும் இது பொருந்தும். எழுதப்படாத உழைப்பைக் கண்டுபிடித்துச் சொல்வது தலைமையின் தனிக் கடமை.

நோயாளிக்காக ஓர் ஆட்டம்

'யாருக்காக ஓடுகிறோம்?' என்னும் கேள்வி இந்த ஆட்டத்திற்குப் புதிதன்று. அதன் பிறப்பிலேயே இருந்தது. லாக்ராஸ் வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் கொடை. பிரெஞ்சுக்காரர்களால் இரோக்வாய் என்று அழைக்கப்பட்ட ஹோடனோஷோனி மக்கள் மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என ஆறு இனத்தவர். படைத்தவர் மகிழும்படி ஆடவேண்டிய ஆட்டம் என்றே இன்றும் அவர்கள் இதைப் போற்றுகிறார்கள். ஊரில் ஒருவர் நோயுற்றால் அவர் நலம்பெற வேண்டி இதை ஆடும் மரபும் அவர்களிடையே உண்டு. அத்தகைய ஆட்டத்தில் எந்த அணி வென்றது என்பது பெரிதன்று. படுக்கையில் கிடக்கும் ஒருவருக்காக ஊரார் தம் கால்களின் வலிமையைக் காணிக்கையாக்கினர் என்பதே பெரிது.

இதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்புகளுள் ஒன்று நம் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரால் எழுதப்பட்டது. இயேசு சபைக் குருவான புனித ழான் தெ பிரெபெஃப், ஹூரோன் மக்களிடையே பணியாற்றியபோது 1636இல் எழுதிய அறிக்கையில், நோயாளிகளுக்கு மருந்தாக இந்த ஆட்டம் விதிக்கப்படுவதைக் குறிப்பிட்டார். அவர் அதனை மூடநம்பிக்கையாகவே கண்டார். 'கிராஸ்' என்று அவர் எழுதிய பிரெஞ்சுச் சொல், வளைந்த தடியையும் ஆயர்கள் ஏந்தும் கோலையும் குறிக்கும் சொல்லாகும். 1649 மார்ச் 16 அன்று, ஹூரோன் மக்களோடு போரிட்ட ஹோடனோஷோனி வீரர்களால் அவர் கொல்லப்பட்டார். 1930இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஆட்டத்தால் காய்ச்சல் தீராது என்பதில் பிரெபெஃபின் கருத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், ஒருவரின் நோயை ஊர் முழுவதும் தன் நோயாகக் கருதி ஓடிய அந்தக் காட்சியில், மூடநம்பிக்கைக்கும் அப்பால் ஓர் உண்மை இருந்தது. அதைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

விட்டுக்கொடுத்த இடம்

அந்த மக்களுக்கு அவர்களுடைய ஆட்டமே பிற்காலத்தில் மறுக்கப்பட்டது. 1860களில் மான்ட்ரியாலைச் சேர்ந்த பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பீர்ஸ் இதற்கு எழுத்து வடிவில் விதிகள் வகுத்தார். 1880இல் கனடாவின் லாக்ராஸ் சங்கம், ஊதியம் பெறாதவர்களே ஆடலாம் என்று வரையறுத்தது. பயணச் செலவுக்காகப் பணம் பெற்று ஆடிய பூர்வகுடியினர் அதனால் பட்டப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டனர். ஆட்டத்தைத் தந்தவர்கள் எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்றனர்.

1983இல் அவர்கள் தமக்கென ஓர் அணியை அமைத்தனர். 1990இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் தனி இனமாகக் களமிறங்கினர். 2010இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்த உலகப் போட்டிக்குத் தம் சொந்தக் கடவுச்சீட்டுடன் செல்ல முயன்றபோது, பிரித்தானிய அரசு விசா மறுத்ததால் ஆடாமல் திரும்பினர். 2018 உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றனர். ஆயினும், அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் 2022இல் நடந்த உலக விளையாட்டு விழாவுக்கு எட்டு அணிகள் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தனி நாடு அல்ல என்னும் காரணத்தால் அவர்கள் சேர்க்கப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தது; அமைப்பாளர்கள் மனம் மாறினர்; ஆனால் எட்டு இடங்களும் நிரம்பியிருந்தன.

அப்போது, 2020 செப்டம்பரில், அந்த எட்டு அணிகளுள் ஒன்றாகிய அயர்லாந்து தானே விலகிக்கொண்டது. அவர்கள் ஆடட்டும் என்று தனக்குக் கிடைத்திருந்த இடத்தை விட்டுக்கொடுத்தது. 2022இல் அவ்விடத்தில் ஹோடனோஷோனி அணி நின்று ஆடியது.

நாம் தொடங்கிய கேள்விக்கு இங்கே சோதனை வருகிறது. உலக அரங்கில் ஆடும் நாளை எண்ணிப் பயிற்சி செய்த அயர்லாந்து வீரர்களின் முயற்சி வீணாயிற்றா? முயற்சியின் பயன் பரிசுதான் என்றால், ஆம், வீணே. முயற்சியின் மதிப்பு அதன் கடினத்தில்தான் என்றால், ஆடாத ஆட்டத்திற்கு என்ன மதிப்பு? ஆனால், புனித தாமஸ் சொன்னதுபோல மதிப்பு நன்மையில்தான் என்றால், அவர்களுடைய பயிற்சி அதன் உச்சியைத் தொட்டது அன்றுதான். பக்கத்தில் ஒருவர் வீழ்வதைக் கண்டு, தம் இடத்தை விட்டு ஓடி மறிக்கும் அந்த அசைவைத் திடலில் எத்தனையோ முறை பழகியவர்கள், திடலுக்கு வெளியே ஒருமுறை அதைச் செய்துகாட்டினார்கள். எந்த ஆட்டக் குறிப்பிலும் அது கோலாகப் பதிவாகவில்லை.

ஹோடனோஷோனி மக்கள் 2028 ஒலிம்பிக்கில் தம் சொந்தக் கொடியின்கீழ் ஆடுவதைப் பற்றிய கேள்வியும் எழுந்திருக்கிறது. அதற்கு விடை கூறுவது வேறு மன்றங்களின் வேலை. நமக்குரிய விடைகளை நாம் நம் வீட்டிலும் தெருவிலும் தேடலாம். அடுத்த முறை ஒரு பிள்ளையை நோக்கி 'நீ முயலவில்லை' என்று சொல்ல நா எழும்போது, ஏன் என்று முதலில் கேட்போம். நம் உழைப்பைப் பற்றிப் பெருமை தோன்றும்போது, அது யாரை நோக்கி ஓடியது என்று கேட்போம். அருகில் ஒருவர் தவறியிருப்பதைக் காணும்போது, 'என் இடத்தை நான் சரியாகக் காத்தேன்' என்பது போதிய விடையாகுமா என்றும் கேட்போம். பந்து இன்னும் எல்லைக்கோட்டைக் கடக்கவில்லை, ஓட நேரமிருக்கிறது.